பொன்னிறப் பூண்டு

கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். சென்னைக்கு வந்திருந்தபோது பர்மா பஜாருக்குப் பக்கத்தில் 'அத்தோ' என்னும் பதார்த்தத்தைச் சாப்பிட்டாராம். அதன் மேலே தூவியிருந்த பொரித்த பூண்டின் ருசி, ஊருக்குத் திரும்பிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லையாம். தாமே வீட்டில் செய்து பார்த்திருக்கிறார். மூன்று தடவை செய்ததில் மூன்று தடவையும் கசந்துவிட்டது. நாலாவது தடவை பயந்துபோய் அரைவேக்காட்டிலேயே இறக்கி, எண்ணெயோடு அப்படியே சீசாவில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த வாரம் அனுப்ப உத்தேசமாம். "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்கிறார்.

சீசாவைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம்; மற்ற விஷயங்கள் காத்திருக்கலாம். அம்மணி, அந்தச் சீசாவை அனுப்ப வேண்டாம். கெட்டுவிட்டதா என்று ருசி பார்க்கவும் வேண்டாம். பேசாமல் அப்புறப்படுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விவரமாகச் சொல்கிறோம்.

அத்தோவை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்களில் பலர், 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி ஏற்பட்டுக் கடை கண்ணிகளெல்லாம் சர்க்கார் வசமான பிறகு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். சொத்தைக் கொண்டுவர முடியவில்லை. நாக்கின் ருசியை யாரால் பறிமுதல் செய்ய முடியும்? சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயும், வியாசர்பாடியிலும் தள்ளுவண்டிகளில் அந்த ருசி இன்றைக்கும் மாலை வேளைகளில் விற்பனையாகிறது. கோதுமைச் சேமியாவைப் போன்ற தடித்த இழைகள், கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிப் போட்ட 'பேஜோ' என்னும் தட்டை, பொரித்த வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும். இதைக் கையால் பிசைந்து கொடுக்கிற வேகத்தைப் பார்ப்பதற்கே ஒரு தட்டு வாங்கலாம். பூண்டை இப்படித் தூவிச் சாப்பிடுவது பர்மாவுக்கு மட்டும் சொந்தமான வழக்கமல்ல. தாய்லாந்தில் அரிசிக் கஞ்சியின் மேல் போடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் பழைய சோற்றைப் பூண்டோடு வதக்கிக் காலையாகாரமாக்குகிறார்கள்.

கடிதத்தைப் படித்ததும் நாமே ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்து அடுக்களைக்குள் புகுந்தோம். எண்ணெயை நன்றாகக் காயவைத்து, வடாம் பொரிக்கிற மாதிரி பூண்டை அள்ளிப் போட்டோம். ஒரு நிமிஷத்தில் ஓரமெல்லாம் கறுத்து, நடுவிலே பச்சையாக நின்றது. வீட்டு அம்மாள் வாசற்படியில் வந்து நின்று, "எண்ணெய் கிலோ என்ன விலை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பத்திரிகை உத்தியோகத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

இரண்டாம் முயற்சியில்தான் சூட்சுமம் விளங்கிற்று. பூண்டில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரையில் பூண்டின் உட்புறம் நூறு டிகிரிக்கு மேல் சூடேறாது, நிறமும் மாறாது. தண்ணீர் வற்றிய மறுகணமே சூடு விறுவிறு என்று ஏறுகிறது. பூண்டிலுள்ள சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் சேர்ந்து முதலில் பொன்னிறமும் மணமும் தருகின்றன. அதைத் தாண்டினால் கசப்பு. ஆறேழு நிமிஷம் ஒன்றுமே நடவாதது போலிருந்துவிட்டு, கடைசி அரை நிமிஷத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது. டெலிபோன் மணி அடிப்பதும் பெரும்பாலும் அந்த அரை நிமிஷத்தில்தான்.

ஆகையால், நூறு கிராம் உரித்த பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று ஊறப்போட்டால் தோல் சுலபமாகக் கழலும். முளைவிட்ட பல்லாயிருந்தால் நடுவிலுள்ள பச்சைக் குருத்தைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கசப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மணம் தூக்கலாயிருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. ஆனால் அதன் விலையைக் கொடுத்து வாங்கிப் பொரிப்பதைவிட ரசத்தில் தட்டிப் போடுவதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

பல்லை ஒரே கனமாக, தடித்த அட்டையின் அளவுக்கு, வில்லை வில்லையாக நறுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இந்த 'ஒரே கனம்' தான். மெல்லியது கருகும்போது தடித்தது வெந்துகொண்டுதான் இருக்கும். இரண்டுக்கும் சமரசம் செய்து வைக்க எவராலும் முடியாது. நறுக்கியதைத் தண்ணீரில் அலசி, அந்தப் பசையைப் போக்கி, துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இது உதவும். முழுப் பல்லில் மணமே கிடையாது. கத்தி பட்டதும்தான் அதிலுள்ள இரு வஸ்துக்கள் கலந்து அந்தக் காரநெடி பிறக்கிறது. 1944-இல் அமெரிக்காவில் காவல்லிட்டோ, பெய்லி என்ற இருவர் அந்த நெடியின் சாரத்தைப் பிரித்தெடுத்து 'அல்லிசின்' என்று பெயரிட்டார்கள். சூடு பட்டால் அது நிற்காது. நெடி போய் இனிமை வருவது அதனால்தான்.

வாணலியில் பூண்டைப் போட்டு, அது முழுகும்படி கடலையெண்ணெயைப் பச்சையாகவே ஊற்றி, அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். தணல் சிறியதாகவே இருக்கட்டும். விடாமல் கிளறிக்கொண்டிருங்கள். முதலில் நுரை பொங்கும்; பிறகு அடங்கத் தொடங்கும். நுரை அடங்குகிறது என்றால் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். கம்பி வடிகட்டியைப் பாத்திரத்தின் மேல் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும், 'இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே' என்று மனசு சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது. உடனே வடித்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே சிவந்து பொன்னிறத்துக்கு வந்துவிடும். காகிதத்தில் பரப்பி ஆறவிட்டால் மொறுமொறுப்பு தானாக வரும். உப்பு அதற்கப்புறம்.

இப்போது சீசா விஷயம். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணிலே 'போட்டுலிசம்' என்னும் கொடிய வியாதியை உண்டாக்கும் கிருமியின் வித்து சாதாரணமாக இருக்கிறது. கொதிக்கவைத்தாலும் அந்த வித்து சாகாது. காற்றுப் படாத இடம், ஈரம், புளிப்பின்மை, அறையின் வெதுவெதுப்பு, இந்த நான்கும் கூடினால் அது முளைத்து விஷத்தைக் கக்கும். அரைவேக்காட்டுப் பூண்டை எண்ணெயில் முழுக்கி அலமாரியில் வைத்தால், நான்கையும் நாமே சேகரித்துக் கொடுத்தவர்களாகிறோம். மணத்திலோ ருசியிலோ ஒரு வித்தியாசமும் தெரியாமலே இருக்கலாம். கண்ணிமை தொங்கும், பார்வை இரட்டிக்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சே தடைப்படும். 1985-இல் கனடாவிலுள்ள வான்கூவர் நகரில் ஓர் உணவுச்சாலையில், எண்ணெயில் போட்ட நறுக்கின பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் உபயோகித்ததால் 36 பேர் இவ்வியாதியால் பீடிக்கப்பட்டார்கள்.

"எங்கள் பாட்டி பூண்டு ஊறுகாய் போட்டு வருஷக்கணக்காக வைத்திருந்தாளே!" என்று நேயர்கள் கேட்பது நமக்குக் காதில் விழுகிறது. பாட்டி அதில் புளியும் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தாராளமாகப் போட்டாள். புளிப்பு இருக்குமிடத்தில் அந்தக் கிருமி வளராது. சீசாவிலிருப்பதோ வெறும் எண்ணெய்.

வடித்த பூண்டெண்ணெயை வீணாக்க வேண்டியதில்லை. துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து, நாலு நாளைக்குள் செலவழித்துவிடுங்கள். கோதுமை ரவை உப்புமாவுக்கு அது வெகு பொருத்தம். பொரித்த பூண்டைக் கஞ்சியிலும் தயிர் சாதத்திலும் தூவிப் பார்த்தோம். கஞ்சிதான் ஜயித்தது. சாம்பார் சாதத்தில் போட்டது வீண். நனைந்து துவண்டு போயிற்று. பரிமாறும் சமயத்தில் மேலே தூவ வேண்டுமே தவிர, முன்கூட்டிக் கலந்து வைக்கக் கூடாது.

கோயமுத்தூர்ச் சகோதரி பிள்ளைக்கு அனுப்ப விரும்பினால், எண்ணெயில்லாத, விரலால் அழுத்தினால் நொறுங்குகிற பொரித்த பூண்டைத் தாராளமாக அனுப்பலாம். நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைத்தால் நம் வீட்டில் இரண்டு வாரம் மொறுமொறுப்புக் குறையாமல் இருந்தது. ஹாஸ்டலில் இரண்டு நாள் இருக்குமா என்பதுதான் சந்தேகம். ஆகவே இருநூறு கிராமாகவே உரிக்கத் தொடங்குங்கள். இரண்டு ஈடாகப் பொரியுங்கள்.