டயகமவுக்கு ஒரு பழைய விமானம்

டித்வா புயல் ஓய்ந்து சில வாரங்கள் கழித்து, கனடாவில் வாழும் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. “தங்கச்சி, மலையகத்துக்கு ஒரு சின்ன பிளேன் வாங்கிக் குடுத்தா என்ன? ரோட்டு உடைஞ்சா நோயாளியை ஏத்திக்கொண்டு போகலாம்தானே?”

சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய கேள்விதான். ஆனால் கேட்டவரைத் தெரிந்ததால் அப்படிச் செய்ய முடியவில்லை. அவருடைய அப்பப்பா டயகமவில் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் போனவர். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அந்தக் குடும்பத்தில் எஞ்சியவர்கள் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். பதுங்குகுழிக்குள் இருந்தபடி வானத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளை, இன்று ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிறிய ஓடுபாதையிலிருந்து வார இறுதிகளில் தானே விமானம் ஓட்டுகிறார். தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்து நான்கு வருடமாகிறது. இப்போது 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பைப்பர் டர்போ ஏரோ ஒன்றை வாங்க விலை பேசிக்கொண்டிருக்கிறார். அதேபோல் இன்னொன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கி இங்கே அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

எங்கள் மக்களுக்குச் சிறிய விமானம் என்பது எப்போதும் பொழுதுபோக்குப் பொருளாக இருந்ததில்லை. 1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் மேல் குண்டு போட்ட சியாமாசெட்டி, உண்மையில் இத்தாலியில் விமானிகளைப் பயிற்றுவிக்கச் செய்யப்பட்ட இலகு விமானம். அதே குடும்பத்து விமானங்களை இன்று அமெரிக்காவில் வசதியானவர்கள் வார இறுதிச் சவாரிக்கு வாங்குகிறார்கள். 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்கவுக்குப் புலிகள் கொண்டுவந்த சிலின் 143, செக் நாட்டில் செய்யப்பட்ட நான்கு இருக்கை விமானம். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி கொழும்பு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியதும் அதே வகைதான். நடுவில் வன்னியின் வானத்தில் ஆளில்லாமல் சுற்றியதற்கு மக்கள் வைத்த பெயர் ‘வண்டு’. வண்டு வந்தால் பின்னால் கிபிர் வரும் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. விமான இரைச்சல் கேட்டால் இன்றும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். அந்த வானத்துக்குக் கீழே வளர்ந்த ஒருவர் உதவிக்காக ஒரு விமானத்தை அனுப்ப நினைப்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. அதனாலேயே அவருடைய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் டர்போ. உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. சாதாரணப் பெற்றோல் இயந்திரம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கிறது. டயகம 5,000 அடிக்கு மேல் ஏறும் தோட்டம். பின்னால் ஹோர்ட்டன் சமவெளி 7,000 அடியில் நிற்கிறது. இங்கே சாதாரண இயந்திரம் தரையை விட்டு எழும்போதே வலுவில் ஏழில் ஒரு பங்கு இல்லாமல்தான் எழும். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன்மூலம் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்துவதுதான் டர்போ. மலைக்கு டர்போ வேண்டும் என்று நண்பர் சொன்னதில் பிழையில்லை.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. டர்போ இயந்திரம் வெப்பத்தைத் தின்று வாழ்வது. சிலிண்டரில் வெடிப்பு, புகைக்குழாயில் கசிவு, பதறிய கைகளால் கூடுதலாகத் திறக்கப்பட்ட த்ரொட்டில் எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். டர்போ ஏரோவில் மேலதிக அழுத்தத்தை வெளியே விடும் வாயில் ஒரே நிலையில் பொருத்தப்பட்டது. ஆகவே, விமானிதான் மானியைப் பார்த்துப் பார்த்துக் கையை அடக்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களுக்கு மாதிரியைப் பொறுத்து 1,400 முதல் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பழுதுபார்ப்பு பரிந்துரைக்கப்படுகிறது. அந்தச் செலவு சில வேளை விமானத்தின் விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டும். டர்போவையும் புகைக்குழாயையும் இணைக்கும் ஒரு வகைக் கவ்வி உடைந்து தீப்பிடித்த சம்பவங்களால், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2023இல் அதற்கென்றே கட்டாய உத்தரவு பிறப்பித்தது. பழைய விமானம் வாங்குபவர் வண்ணப்பூச்சைப் பார்ப்பதில்லை. பதிவேட்டைப் பார்க்கிறார். நாற்பது வருடத்தில் ஒரு வருடப் பதிவு காணாமல் போயிருந்தாலும் விலை விழும். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய மெக்கானிக்கை அழைத்துப்போய் சிலிண்டருக்குள் கமரா விட்டுப் பார்ப்பார். இதையெல்லாம் நண்பரே எனக்குச் சொல்லித் தந்தார்.

இங்கே அதை யார் செய்வது? இலங்கையில் பதிவு செய்து, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் ஒப்புதலோடு வைத்திருக்க வேண்டும். கனடிய அனுமதிப்பத்திரம் இங்கே தானாகச் செல்லுபடியாகாது. செல்லுபடியானாலும், தனியார் விமானி கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது. அம்புலன்ஸ் சேவைக்கு முற்றிலும் வேறு அனுமதி தேவை. இதெல்லாம் கடிதங்களால் தீரக்கூடிய சிக்கல்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சிக்கல் தீராது. டர்போ ஏரோவுக்கு இருப்பது ஒரே கதவு. அதுவும் வலப்பக்க இறக்கைக்கு மேல். இறக்கையில் ஏறி, குனிந்து, உள்ளே நழுவித்தான் உட்கார வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணை அதற்குள் எப்படி ஏற்றுவது? ஸ்ட்ரெச்சர் போகவே போகாது.

அடுத்தது நிலம். மலையகத்தில் எந்தக் கேள்வியும் கடைசியில் நிலத்தில்தான் வந்து முட்டுகிறது. ஆயிரம் மீற்றர் நீளமும் முப்பது மீற்றர் அகலமும் கொண்ட ஓடுபாதை என்றால் ஏழு ஏக்கருக்கும் அதிகம், சுமார் 1,186 பேர்ச். வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குப் பேசப்படும் பத்துப் பேர்ச் கணக்கில் பார்த்தால் 118 வீடுகள். தொழிலாளருக்கு ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று வருடக்கணக்காக இழுபட்ட இடத்தில் ஏழு ஏக்கர் மட்டமான காணியை விமானத்துக்குக் கேட்பது எப்படி இருக்கும்? வலிகாமம் வடக்கு மக்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். பலாலி ஓடுபாதையைச் சுற்றி 1990இல் விட்டுவந்த காணிகளுக்காக அவர்களில் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். இரணைமடுவில் புலிகள் போட்ட ஓடுபாதை இன்று விமானப்படைத் தளம். ஓடுபாதை ஒருமுறை வந்துவிட்டால் அது யாருடையதாக முடியும் என்பது நாங்கள் அனுபவித்து அறிந்தது.

மலையகத்தின் வானத்தில் விமானமே இல்லை என்றும் சொல்ல முடியாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளின் கடல் விமானம் இறங்குகிறது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி ஹெலிகொப்டரில்தான் வந்து, டிக்கோயாவில் 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்துவைத்து, நோர்வூட்டில் பேசிவிட்டுப் போனார். டித்வாவின்போதும் கொத்மலைப் பக்கம் சிக்கியவர்களைத் தூக்கியவை ஹெலிகொப்டர்கள்தான். மலையில் ஓடுபாதை கேட்காமல் இறங்கக்கூடியது அது ஒன்றே. அதற்கும் இந்த மலைகள் இலேசானவை அல்ல. முகில் எந்த நேரத்தில் பள்ளத்தாக்கை மூடும் என்று சொல்ல முடியாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி மக்காவுக்குச் செல்லும் இந்தோனேசிய யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின் எயார் விமானம் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 3ஆம் திகதி விமானப்படையின் வை-12 ஹப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தார்கள். இரண்டுமே பயிற்சி பெற்ற தொழில்முறை விமானிகள் ஓட்டியவை.

பணக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். நண்பர் பார்த்திருக்கும் விமானத்துக்குக் கேட்கும் விலை ஒன்றரை லட்சம் அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் நாலரைக் கோடி. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபா நாட்சம்பளத்தில், வருடம் 300 நாள் வேலை கிடைத்தால், ஒரு தொழிலாளிக்கு அது 85 வருட உழைப்பு. 300 நாள் வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கதை. எவருடைய ஆசையையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சொந்தப் பணத்தில் அவர் வாங்கட்டும், பறக்கட்டும். பொதுப் பணம் என்று வரும்போதுதான் இந்தக் கணக்கு வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, எங்கள் லயத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி வந்தது. மழை. முச்சக்கரவண்டி லயத்துப் படி வரை வராது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் பிரதான பாதைக்குத் தூக்கிப் போனார்கள். பாதையில் மரம் விழுந்திருந்தது. 1990 அம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம். மரத்துக்கு மேலால் அவரைக் கைமாற்றினோம். பிள்ளை பிழைத்தது. அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனது ஒரு மரம் வெட்டும் இயந்திரம், ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், லயத்திலிருந்து பாதைக்கு இருநூறு மீற்றர் கொங்கிரீட். வாகனமும் சாரதியும் வந்துதான் இருந்தார்கள்.

2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சேவை, 2018இல் வடக்குக்கும் வந்து பின்னர் நாடெங்கும் பரவியது. அதன் பலமும் பலவீனமும் பாதைதான். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக டயகம வரும் பாதை நன்றாக இருந்தால் அது வரும். பிரதான பாதை அரசாங்கத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் பாதைக்குத் தோட்டக் கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். இந்த இழுபறிக்குள் எந்தப் புலம்பெயர் குழுவும் நுழைய விரும்புவதில்லை. விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, படம் எடுத்துப் போடலாம் என்று ஒரு நண்பர் குழுவில் எழுதியதையும் பார்த்தேன். குறைந்தது அவர் உண்மையைச் சொன்னார்.

நான் அனுப்பிய பதில் நீளமானது. இரண்டு நாள் கழித்துத்தான் குரல் பதிவு வந்தது. வாங்கவிருந்த டர்போ ஏரோவின் புகைக்குழாயில் மெக்கானிக் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டாராம். விற்பவர் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறாராம். “அது என்ர பாடு, விடு” என்றார். பிறகு, இருநூறு மீற்றர் கொங்கிரீட் போட எத்தனை மூட்டை சீமெந்து வேணும், தோட்டத்தில் யாரிடம் அனுமதி கேட்க வேணும், அப்பப்பா இருந்த லயம் அந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அன்றே படம் எடுத்து அனுப்பினேன். அனுமதிக்காகத் தோட்டக் காரியாலயத்தில் கடிதம் கொடுத்திருக்கிறோம்.