தொழிலும் ஜீவனமும்: நாற்பது வயது மாணாக்கர்

வயது வந்தவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் உபாத்தியாயரின் சங்கடத்தை நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அவருடைய மாணாக்கர் பாடத்தில் தவறினால் அன்று வீட்டில் உலை ஏறுவதில்லை. சேலம் ஜில்லா இந்தச் சங்கடத்தை நன்றாய் அறியும்.

திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டில் ஸ்ரீ ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். அவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழை பொய்த்த அப்பிரதேசத்தில், கிராமப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பது ஆசிரமத்தின் முக்கியமான வேலை. கற்றுக் கொடுத்தவர்களே வாங்கவும் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான பாடம் பின்னால் வந்தது. 1937 அக்டோபர் 1ந் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் அமல் நடத்திற்று. குடிப்பவர் வீட்டுப் பெண்கள் மகிழ்ந்தார்கள். கள் இறக்கிப் பிழைத்தவர் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? அதே மரத்தில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சலாம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட வழிகளில் பிரதானமானது. பதநீரை இப்பக்கத்தார் தெளுவு என்பார்கள்.

மரம் ஏறவும் பாளை சீவவும் மரமேறிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதில் அவரே ஆசான். அவர் கற்க வேண்டியது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் அதைப் பூசினால் தெளுவு புளிக்காது. குறைத்துப் பூசினாலோ பொழுது ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். நேற்று வரை அது சரக்கு. சட்டம் வந்த பின் குற்றம்! அளவு மீறினால் கருப்பட்டியின் ருசியும் நிறமும் கெடும். இன்னொன்று, பழைய கலயத்தில் ஊறிய புளிப்பு கள்ளுக்கு அனுகூலமாயிருந்தது. தெளுவுக்கு அதுவே விஷம் போன்றது. கலயத்தை அன்றாடம் சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். இருபது வருஷப் பழக்கமுள்ள கைக்கு இது லேசான காரியமா?

தவிர, இறக்கிய தெளுவை அன்றே காய்ச்சியாக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில் விழும். ஆகவே, கணவனுக்கு மட்டும் பாடம் சொல்லிவிட்டுப் போகிற உபாத்தியாயர் பாதிப் பாடத்தைத்தான் சொன்னவராவார். பொங்கும் நுரையை அடக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவது, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்ப்பது, கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவிடுவது எல்லாம் அடுப்படிப் பாடங்கள். விறகுச் செலவு வேறு. கள் மரத்தடியிலேயே காசாகிவிடும். கருப்பட்டி சந்தை நாளுக்குக் காத்திருக்க வேண்டும். புதுப்பாளையத்து நூலைப்போல் இதையும் நிறுத்து வாங்கிக் கொள்ள ஆள் இல்லாத இடத்தில், சுண்ணாம்புப் பாடம் எத்தனை நாள் நிற்கும் என்று நமக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

யுத்த காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்க அனுமதி கிடையாது, பதநீர் இறக்கலாம். ஆனால் பனை ஏறுகிறவர்கள் அருகிவிட்டார்கள். 1937ஆம் வருஷத்து மாணாக்கர் கற்றுக்கொண்டே வந்திருந்த அந்த ஒரு வித்தையைத்தான் இன்றைய உபாத்தியாயர் முதல் பாடமாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.