போனைக் குறுக்கே பிடித்தவர்கள்

வீடியோ கேம் என்றால் வசதியான வீட்டுப் பையன்களின் தனி உலகம் என்ற எண்ணம் இன்னும் பலருக்குப் போகவில்லை. குன்றத்தூர் வழியாக ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் பார்த்தால் போய்விடும்: ஷிப்ட் முடிந்த ஆபரேட்டர்கள் போனைக் குறுக்கே பிடித்து, நால்வர் அணியாக பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடுகிறார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்த காலத்தில், அந்த கம்பெனி போனில் பாம்பு கேம் ஆடாதவர் குறைவு. யாரும் தங்களை ‘கேமர்’ என்று சொல்லிக்கொண்டதில்லை. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் அதே கூட்டம்தான் பெருகியது. கணினி இவர்கள் கதையில் வரவே இல்லை.

நேரமும் பணமும் பாழ் என்பார்கள். பணத்தைப் பெரிதாக விழுங்கியது ஆன்லைன் ரம்மி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. இந்தப் பிரிவினை சரியானதே. ஆனால் காசு கொடுத்துப் பெட்டி திறந்து, அதிர்ஷ்டம் இருந்தால் கேம் துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ என்ற புதுத் தோற்றம் கிடைக்கும் வியாபாரமும் சூதுக்குப் பங்காளிதான். அதன்மேலும் கண் வேண்டும். தூக்கம் கெடுவது மெய்யான கவலை. என்றாலும், ஷிப்ட் மாறி மாறி வரும் ஆபரேட்டர்கள் தங்கும் அறையில் கேரம் ஆட நான்கு பேர் சேர்வதில்லை. சொந்த ஊர் நண்பனோடு சேர்ந்து ஆட இந்தத் திரைதான் இருக்கிறது. விளையாட்டைத் திட்டுகிறவர்கள் ஷிப்ட் அட்டவணையையும் கொஞ்சம் படிக்கலாம்.