ஒத்திகை போதுமா?

ரயில்வே கோட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறை விபத்து ஒத்திகை நடக்கிறது. கவிழ்த்துவைத்த பெட்டியை நோக்கித் தேசியப் பேரிடர் மீட்புப் படை, தீயணைப்புப் படை, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் ஓடிவருகின்றன. வேண்டியதுதான்.

ஆனால் நிஜ விபத்தில் முதலில் ஓடிவருவது யார்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியதும், இருட்டில் பெட்டிகளுக்குள் இறங்கியவர்கள் பக்கத்துக் கிராமத்து ஏழை ஜனங்களே! மாண்டோர் 290-க்கும் மேல். தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வந்த தொழிலாளிகளும் அதில் அடக்கம். காரணம், சிக்னல் கம்பிகளின் தவறான இணைப்பு. அதே ஆண்டு, ரயில்வேயில் 2 லட்சத்துக்கு மேல் வேலைகள் காலி என்று மந்திரியே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆளைக் குறைத்துவிட்டு ஒத்திகை நடத்தினால் உயிர் மிஞ்சுமா?

பன்னிரண்டு ஆண்டு காக்கவைத்து, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் விட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் விபத்து நேர்ந்தால், அரக்கோணத்துப் படை வருமுன் ஓடப்போவது காட்டு வேலைக்காரரும், மில் தொழிலாளியும், தண்டவாளத் தொழிலாளியும்தான்.

ஆகவே கேட்கிறோம்: காலியிடங்களை நிரப்பு! தண்டவாளத்தையொட்டிய ஊர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடு! க.விலக்கு அரசு மருத்துவமனையையும் ஒத்திகையில் சேர்! எங்களை வேடிக்கை பார்க்க நிறுத்தாதே!