ஊருக்கு வெளியே!

வீடில்லாத ஒருவன் வீதியில் படுத்திருக்கக் கண்டால் நகரங்களுக்கு இரண்டு கேள்விகளில் ஒன்று தோன்றும். "இவனை எங்கே அப்புறப்படுத்தலாம்?" என்பது ஒன்று. "இவன் இன்றிரவு எங்கே படுப்பான்?" என்பது மற்றொன்று.

2017-இல் அமெரிக்க ஜனாதிபதியின் புதல்வி வந்த சமயம், ஐதராபாத் போலீசார் பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சிறை இலாகாவின் விடுதிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். விருந்தாளியின் கண்ணுக்கு வறுமை மறைந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தார் 2008 முதல் வேறு வழியில் சென்றார்கள். "முதலில் வீடு, குடியை விடுவதும் வேலை தேடுவதும் அப்புறம்" என்றார்கள். இரவு விடுதிகளைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றி, வாடகை ஒப்பந்தத்தை அவரவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக் கதை என்ன? அந்நிய ஆட்சியின் அந்திமத்தில், 1945-இல், பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. சுதந்திரம் வந்த பின்னும் அது நீடித்தது. அதன்படி பிடிபட்டோரை வைப்பதற்கான சர்க்கார் முகாம் பூந்தமல்லியை அடுத்த மேல்பாக்கத்தில் அமைந்தது. பட்டணத்தின் கண்ணை உறுத்தியவர்களுக்குப் புறநகரே புகலிடமாயிற்று!

ஆனால் வீடற்றோர் எல்லோரும் பிச்சைக்காரர் அல்லர். பகலெல்லாம் மூட்டை சுமந்தும் செங்கல் சுமந்தும் உழைத்துவிட்டு, இரவில் கடைவாசலில் தலை சாய்ப்போரும் உண்டு.

டில்லியில் 2009 டிசம்பர்க் குளிரில் மாநகரசபையார் ஒரு தற்காலிகத் தங்குமிடத்தை இடித்தார்கள். அதன் விளைவாக சுப்ரீம் கோர்ட்டு 2010-இல் ஓர் உத்தரவிட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு விடுதி வேண்டும். அது ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பதே அது. 2011 ஜனக்கணக்கின்படி ஆவடியில் சுமார் மூன்றரை லட்சம் பேர். அம்பத்தூரில் நாலரை லட்சத்துக்கும் அதிகம். அதே அளவுகோலை வைத்தால் ஆவடிக்கு மூன்று, அம்பத்தூருக்கு நான்கு விடுதிகள் தேவை.

எண்ணிக்கையைவிட முக்கியமானது இடம். விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டியவனுக்கு, நாலு மைலுக்கப்பால் கிடைக்கும் பாயினால் என்ன பயன்? தூக்கத்துக்காகக் கூலியை இழக்க அவனால் இயலுமா? அவன் கடைவாசலையே நாடுவான். நாமோ, "கூப்பிட்டாலும் வரமாட்டான்" என்று அவன்மீதே பழி சுமத்துவோம்.

நம் தெருவில் விடுதி என்றதும், "இங்கே வேண்டாம், ஊருக்கு வெளியே வையுங்கள்" என்று மனு எழுதத் தோன்றும். கையெழுத்திடுமுன் சற்று யோசியுங்கள். அன்று பட்டணத்தார் "ஊருக்கு வெளியே" என்று காட்டியது நம் பக்கத்தைத்தான். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடியே மாநகராட்சியாயிற்று. இன்று நாமும் பட்டணத்தார். நாம் எந்த ஊரைச் சுட்டிக் காட்டப் போகிறோம்?