சமாதானமும் பிள்ளைகள் கண்ணில் படட்டும்

வீட்டுக்கு வீடு வாசற்படி. கடன் தவணை, பிறந்த வீட்டுச் சீர், குடி, கைப்பேசி என்று ஏதோ ஒன்றில் வார்த்தை தடிக்காத குடும்பம் இல்லை. பெரியவர்கள் நாம் மறுநாளே மறந்துவிடுகிறோம். போர்வைக்குள் தூங்குவதுபோல் கிடந்த பிள்ளை மறப்பதில்லை.

உண்மையிலேயே தூங்குகிற குழந்தையையும் சண்டை விடுவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் உறங்கும்போது கோபக் குரலை ஒலிக்கச் செய்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். சச்சரவு மிகுந்த வீட்டுக் குழந்தைகளிடம், உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் கையாளும் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. 2013-இல் வெளியான அது சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்' என்ற நம் சமாதானத்தை அசைத்துவிட்டது.

வளர்ந்த பிள்ளைகள் வேறு விதமாகக் காட்டுவார்கள். ஒருவன் வகுப்பில் சக பிள்ளைகள்மேல் கை நீட்டுவான். ஒருத்தி காலையில் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வாள். இன்னொரு பிள்ளை அளவுக்கு மீறிச் சமர்த்தாகி, இருவருக்கும் இடையே தூது போகும். அதை மெச்சுகிறோம், அது சுமப்பது நம் கண்ணில் படுவதில்லை.

சண்டையே கூடாது என்பது நடவாத காரியம். முகம் பாராமல் நாள் கணக்கில் பேசாதிருப்பதும் சண்டைதான். பெற்றோர் பிணக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ் கண்டது, பிணக்கு தீர்ந்ததை அறிந்த பிள்ளைகளின் கலக்கம் குறைகிறது என்பதே. நம் வீடுகளிலோ சண்டை கூடத்தில் நடக்கிறது, சமாதானம் கதவுக்குப் பின்னால்.

பிள்ளையின் கலக்கத்தைக் குறைப்பது தம்பதியர் பொறுப்பு மட்டுமல்ல. "நீ அம்மா பக்கமா, அப்பா பக்கமா?" என்று கேட்பதை உறவினர்கள் விட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை ஆசிரியர் அதட்டுமுன் தனியே அழைத்து விசாரிக்கலாம். பக்கத்து வீட்டார் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்ளாமல், அந்தப் பிள்ளையைச் சற்று நேரம் தம் வீட்டில் உட்கார வைக்கலாம். அடி உதை என்றால் அது பிணக்கல்ல, குற்றம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன.

இனி எப்போது சண்டை வந்தாலும், மறுநாள் காலையில் பிள்ளையை உட்கார வைத்து இருவருமே சொல்லுங்கள்: "நேத்து கத்திட்டோம். பேசி முடிச்சாச்சு. உன்னால வந்த சண்டை இல்ல."