கண்ணால் காண்பதும் பொய்யா?



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதற்கேற்ற சூழலை எழுதச் சொல்லி, புத்தகங்களைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். ஆனால், அதன் பொருளை நான் உண்மையில் உணர்ந்தது 2018ஆம் ஆண்டில்தான். அதை எனக்கு உணர்த்தியவன் ஆண்டு 5இல் படித்த ஒரு மாணவன். அவனுக்கு நான் இழைத்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கருத்துக்கு வருகிறேன்.

ஒரு சுற்றுலா, ஒரு படம்

அவ்வாண்டு எங்கள் மாணவர்களைத் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். நம் பேராக் மாநிலத்தார் அனைவரும் அறிந்த கோபுரம்தான் அது. 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்பவர் கட்டியது. அன்று தெலுக் ஆன்சன் என்று வழங்கிய அந்நகரத்துக்குத் தண்ணீர் தேக்கிவைக்கும் தொட்டி அதனுள் இருந்தது. அடியில் இளகிய நிலம், மேலே தண்ணீரின் எடை, கோபுரம் சாய்ந்துவிட்டது. உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று கூரை அடுக்குகளை எண்ணினால் எட்டு மாடிகள் என்றே தோன்றும். உள்ளே ஏறிப் பார்த்தால் மூன்றே மாடிகள்!

"பார்த்தீர்களா மாணவர்களே, இதுவே ஒரு கண்மயக்கு!" என்று அக்கோபுரத்தின் முன் நின்று பெருமையோடு விளக்கியவள் நான்தான். அன்று மாலையே நானும் ஒரு கண்மயக்கில் விழப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெற்றோர்களின் புலனக் குழுவில் ஒரு படம் வந்தது. ஆண்டு 5 மாணவன் இரு கைகளையும் நீட்டி நிற்கிறான். அவனுடைய உள்ளங்கைகளுக்கு முன்னால், ஆண்டு 2இல் படிக்கும் ஒரு சிறுவன் முகங்குப்புற விழுந்துகொண்டிருக்கிறான். படத்தின் மேலே, "பாருங்கள், சின்னப் பிள்ளையை எப்படித் தள்ளிவிடுகிறான்!" என்று ஒரு வரி. சிறுவனுக்கு முட்டியில் காயம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பிறகென்ன? குழுவில் கண்டனங்கள் குவிந்தன. அப்படம் வேறு குழுக்களுக்கும் பறந்தது.

மறுநாள் நான் அவனை அழைத்து விசாரித்தேன். இல்லை, விசாரித்தேன் என்பது பொய். கண்டித்தேன்.

"நான் தள்ளவே இல்லை, டீச்சர்."

"படம் பொய் சொல்லுமா?"

அவன் தலைகுனிந்து நின்றான். முதல்நாள் இரவே அவனுடைய தந்தை அதே படத்தைக் காட்டி அவனை ரோத்தானால் அடித்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். ஒரு காலத்தில் ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அத்தோட்டம் இன்று இல்லை; பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. அவர் சண்டைக்கு வரவில்லை. அமைதியாகச் சொன்னார்:

"டீச்சரம்மா, எம் பேரன் குறும்புக்காரன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா பொய் பேசமாட்டான். நிரைக்கு இந்தக் கோடியில நின்னு பார்த்தா, அந்தக் கோடியில மரமெல்லாம் ஒட்டிக்கிட்டுதான் தெரியும். கிட்டப் போனாத்தானே எடவெளி தெரியும்?"

அதற்குப் பின்னரே எனக்கு உறைத்தது. அன்று படமெடுத்த மற்ற பெற்றோர்களிடம் கேட்டேன். ஒருவர் பக்கவாட்டில் நின்று எடுத்த படம் கிடைத்தது. அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. இருவருக்கும் இடையே நான்கைந்து அடி தூரம்! அவன் நண்பனின் கைப்பேசிக்காகக் கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டியிருக்கிறான். சுற்றுலா செல்லும் எல்லாரும் செய்கிற வேடிக்கைதான். சிறுவனோ தன் காலணிக் கயிற்றை மிதித்துத் தானே விழுந்திருக்கிறான்.

மூளை எவ்வாறு மயங்குகிறது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படத்தை யாரும் திருத்தவில்லை, வெட்டி ஒட்டவில்லை. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் போலிப் படங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், முற்றிலும் உண்மையான படமும் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும் என்பதைப் பேச மறந்துவிடுகிறோம். இது எப்படி நேர்கிறது?

1. ஆழம் தொலைகிறது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் இரு கண்களும் சற்றே மாறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டு, எது அருகில், எது தொலைவில் என்று மூளை கணிக்கிறது. படக்கருவிக்கோ ஒரே கண். அது தரும் படம் தட்டையானது. அதில் ஆழத்தை மூளை ஊகித்துத்தான் சேர்க்கவேண்டும். தொலைவில் நின்று பெரிதாக்கி எடுத்த படமானால் இன்னும் சிக்கல். முன்னும் பின்னும் நிற்பவர்கள் ஒட்டி நிற்பதுபோல் தோன்றுவார்கள். 2020இல் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் டென்மார்க் நாட்டுச் செய்திப் படக்கலைஞர்கள் இதனை மெய்ப்பித்துக் காட்டினர். ஒரே இடத்தில் இருந்த மக்களை இருவகை வில்லைகளால் இருவேறு கோணங்களில் எடுத்தார்கள். ஒரு படத்தில் மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மற்றொன்றில் முறையாக இடைவெளி விட்டிருக்கிறார்கள். பாட்டி சொன்ன நிரைக் கணக்கும் இதுவேதான்!

2. பழகிய விதியை மூளை எங்கும் பொருத்துகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். சாய்ந்த கோபுரத்தைக் கீழிருந்து எடுத்த ஒரே படத்தை இரண்டு படிகள் அச்செடுத்து அருகருகே வையுங்கள். ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும். இத்தாலியின் பைசா கோபுரப் படத்தைக் கொண்டு கனடா மெக்கில் பல்கலைக்கழகத்தின் பிரெடரிக் கிங்டமும் அவர்தம் குழுவினரும் 2007இல் இம்மயக்கத்தை விளக்கினர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அடியிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். மேலே செல்லச்செல்ல இரண்டும் நெருங்கி வரும். இணையான கோபுரங்கள் படத்தில் அப்படித்தான் நெருங்கும் என்பது மூளைக்குத் தெரியும். நாம் அருகருகே வைத்த இரு படங்களையும் அது ஒரே காட்சியாக எடுத்துக்கொள்கிறது. அவை நெருங்காமல் நிற்பதால், 'இவை விலகிச் சாய்கின்றன' என்று முடிவுசெய்கிறது.

3. ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை நம்புகிறது. இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் தமிழ் மண்ணில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். நிழலைக் கொண்டு உருவத்தை எவ்வாறு அறிகிறோம் என்பது பற்றிய அவருடைய ஆய்வு 1988இல் வெளிவந்தது. மேற்பகுதி வெளிச்சமாகவும் கீழ்ப்பகுதி இருளாகவும் தீட்டிய வட்டம் மேடாகத் தெரியும். அதனையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகத் தெரியும்! ஈரமண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் புடைத்து எழும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது நம் மூளையின் தீர்ப்பு மட்டுமே.

4. ஒன்றைக் கண்டபின் மற்றது மறைகிறது. தாராசுரத்தில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், காளைக்கும் யானைக்கும் ஒரே தலையை அமைத்த சிற்பம் ஒன்று உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை. மற்றோர் உடலை மறைத்தால் காளை. இம்மயக்கத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கல்லில் விளையாட்டாகச் செதுக்கியவர்கள் நம் முன்னோர்! அச்சிற்பத்தைக் காட்டுமுன் 'இதோ யானை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் நமக்கு யானைதான் முதலில் தெரியும். எங்கள் குழுவில் வந்த படத்துக்கும் மேலே ஒரு வரி இருந்ததே! 'தள்ளிவிடுகிறான்' என்று படித்தபின் வேறெதையும் எங்களால் பார்க்க முடியவில்லை.

இவற்றை மூளையின் குறை என்று சொல்லிவிட முடியாது. கண் தரும் தகவல் எப்போதும் குறைவு. பழைய அனுபவத்தைக் கொண்டு மூளை அதனை நிரப்பிக்கொள்வதால்தான் நாம் சாலையைக் கடக்கிறோம். வருகிற பந்தைப் பிடிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது சரியாகவே ஊகிக்கிறது. அதனால்தான் தவறாக ஊகிக்கும்போதும் நாம் ஐயப்படுவதில்லை.

என் மனத்தை உறுத்துவது

மேற்கண்ட நான்கும் அறிவியல். ஐந்தாவது ஒன்று உண்டு. அது என் குற்றம்.

அதே படத்தில் கைநீட்டி நின்றவன் என் வகுப்பின் முதல்நிலை மாணவனாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? "ஐயோ, விழப்போகும் பிள்ளையைப் பிடிக்க ஓடுகிறான்!" என்றுதான் பார்த்திருப்பேன். அதே கைகள், அதே சிறுவன், அதே படம்! ஆனால், நின்றவனுக்கு ஆசிரியர் அறையில் 'குறும்பன்' என்று ஒரு பெயர் இருந்தது. ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை நம்புவதைப்போல, தவறு இவனிடமிருந்துதான் வரும் என்று நான் நம்பியிருந்தேன். என் கண் பார்த்தது கொஞ்சம். மீதியை அவனுடைய பெயரைக் கொண்டு நிரப்பிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். பெயர் சூட்டினால் பிள்ளையின் மனம் புண்படும் என்ற அளவிலேயே அன்று புரிந்துகொண்டேன். அது ஆசிரியரின் கண்ணையும் கெடுக்கும் என்பதை அன்று அறியவில்லை.

வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். புலனக் குழுவிலும் இரண்டாவது படத்தோடு விளக்கம் எழுதினேன். முதற்படத்தை முந்தி முந்திப் பகிர்ந்தவர்களில் மிகச் சிலரே இரண்டாவதைப் பகிர்ந்தார்கள். அவனோ, "பரவாயில்லை டீச்சர்" என்றான். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

இனி என் தாழ்மையான கருத்துகள்:

அ) ஒரு படத்தைக் கொண்டு எந்தப் பிள்ளையையும் தண்டிக்கக் கூடாது. வேறு கோணத்தில் எடுத்த படம் உண்டா, அருகில் இருந்தவர் யார் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிள்ளையைப் பேசவிடுங்கள்.

ஆ) புலனக் குழுவில் பிறர் பிள்ளையின் படம் வந்தால் பகிராதீர்கள். ஐயமிருந்தால் ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். படத்தின் மேல் எழுதப்பட்ட வரியை ஒருமுறை கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

இ) ஆண்டு 4 அறிவியலில் ஒளியின் தன்மைகளைக் கற்பிக்கும்போது கண்மயக்குப் படங்களுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அதை வெறும் வேடிக்கையாக முடித்துவிட வேண்டாம். முதலில் கண்ணால் பார்த்து எழுதட்டும். பிறகு அடிக்கோலால் அளக்கட்டும். இரு கோபுரப் படங்களைக் கொடுத்தபோது என் வகுப்பில் பெரும்பாலோர் "இரண்டாவதுதான் அதிகம் சாய்ந்திருக்கிறது" என்று அடித்துச் சொன்னார்கள். ஒரு மாணவி எழுந்துவந்து ஒரு படத்தை மற்றதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. 'நான் பார்த்தேன், ஆனாலும் அது தவறு' என்று ஒரு பிள்ளை தானே உணரும் அந்த நொடி மிக அரிது.

ஈ) ஆசிரியர் அறையில் ஒரு மாணவனைப் பற்றிப் பேசும்போது நாவை அடக்குவோம். இவ்வாண்டு நாம் சொல்லும் ஒரு சொல், அடுத்த ஆண்டு அவனைப் பெறும் ஆசிரியரின் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பால்மரக் காட்டில் நாள்தோறும் நடந்தவர்களுக்கு, தொலைவில் ஒட்டித் தெரியும் மரங்கள் உண்மையில் ஒட்டியிருக்கவில்லை என்பது தெரிந்திருந்தது. அவர்கள் எந்தக் கல்லூரியிலும் அதைப் படிக்கவில்லை. மரத்துக்கு மரம் நடந்து போனார்கள், அறிந்தார்கள். கையில் ஆயிரம் படங்களை வைத்திருக்கும் நாமோ இருந்த இடத்திலிருந்தே தீர்ப்பு எழுதுகிறோம்.

அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அருள்கூர்ந்து சற்றுப் பொறுங்கள். முதலில் அப்பிள்ளையின் அருகே போய் அமர்ந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள்.